கரும்புத் தோட்டத்திலிருந்து மழைக்காட்டுக்கு: டாக்டர் ஜானகி அம்மாள்



மழைக்காடு, அருவி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் பாட்டுப் பாடப் போகிற ஏதாவது ஒரு தீவுதான். ஹவாய், பாலி, மொரீஷியஸ், கொஞ்சம் பக்கத்தில் என்றால் அந்தமான். பாஸ்போர்ட், விசா, பிளேன் டிக்கெட் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுத்தும். டிப்ளமோ முடிச்சு, வேலைக்குப் போய், தங்கச்சி கல்யாணத்தையும் முடிச்ச பிறகு பார்க்கலாம் என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த நாள் இன்டர்னல் டெஸ்டுக்குப் புத்தகத்தைத் திறப்போம்.

ஆனால் நம்ம கோயமுத்தூரிலிருந்து ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒரு தீவு இருக்கிறது. கடல் சூழ்ந்த தீவு அல்ல, மலை சூழ்ந்த தீவு. பாலக்காடு, மண்ணார்க்காடு வழியாகவும் போகலாம். ஆனைகட்டி, அகளி வழியாக அட்டப்பாடிக்குள் நுழைந்தும் போகலாம். முக்காலி என்ற ஊரில் இறங்கினால் அங்கிருந்து வனத்துறை ஜீப்பில் 23 கிலோமீட்டர். நாலு பக்கமும் மலைச்சுவர் எழுந்து நிற்க, நடுவில் குந்திப்புழை ஆறு ஓட, வெயில் தரையைத் தொடாத அளவுக்கு மரம் அடர்ந்த பசுமைமாறாக் காடு. அதுதான் சைலன்ட் வேலி. மலையாளத்தில் சைரந்திரி வனம் என்றும் சொல்வார்கள்.

அந்தக் காடு இன்றைக்கும் காடாகவே நிற்கிறது என்றால் அதற்குப் பல பேர் காரணம். அந்தப் பல பேரில் ஒருவர், எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டியம்மா. மஞ்சள் சேலை கட்டிய, உயரமான, அதிகம் பேசாத ஒரு விஞ்ஞானி. அவர் நம்ம கோயமுத்தூரில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள். கணித மேதை ராமானுஜனின் மனைவி பெயரும் ஜானகி அம்மாள்தான். அவர் வேறு, இவர் வேறு. குழப்பிக்க வேண்டாம்.

பத்தொன்பது பிள்ளைகள் இருந்த வீடு

1897-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி தலச்சேரியில் ஜானகி பிறந்தார். அன்றைக்குத் தலச்சேரி சென்னை மாகாணத்தில் சேர்ந்த ஊர். அப்பா இ.கே. கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். கோர்ட்டு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தோட்டத்தில்தான் இருப்பார். செடி கொடிகளை ஆசையாக வளர்த்தவர். வட மலபார் பறவைகளைப் பற்றி எழுதியும் வைத்தவர். முதல் மனைவிக்கு ஆறு பிள்ளைகள், இரண்டாவது மனைவிக்குப் பதின்மூன்று. ஆக மொத்தம் பத்தொன்பது! அந்தப் பதின்மூன்றில் பத்தாவது நம்ம ஜானகி.

அவ்வளவு பெரிய குடும்பத்தில் பத்தாவது பெண் குழந்தை என்றால் அந்தக் காலத்தில் என்ன நடக்கும்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கல்யாணம். அக்காமாருக்கெல்லாம் வீட்டில் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஜானகி மட்டும் புத்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தலச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மெட்ராஸுக்கு வந்தார். ராணி மேரி கல்லூரியில் பட்டம். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ், 1921-ல் முடித்தார். அதற்குப் பிறகு மெட்ராஸ் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை.

பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போடத் தெரிந்தாலே பெரிய விஷயம் என்று நினைத்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெண் ஆனர்ஸ் முடித்து வேலைக்கும் போய்விட்டார். இதோடு போதும் என்று யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். அவர் உட்காரவில்லை.

கப்பலேறிய மாணவி

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம், ஆசியப் பெண்களுக்கு என்றே பார்பர் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று கொடுத்து வந்தது. அது ஜானகிக்குக் கிடைத்தது. 1924-ல் கப்பலேறினார். முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கொஞ்ச நாள் பாடம் நடத்திவிட்டு, மறுபடியும் அங்கேயே போய் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் சில இந்தியப் பெண்களில் இவர் ஒருவர்.

அவர் எடுத்துக்கொண்ட படிப்பு செல்லியல். நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு மிஷினுக்கு டிராயிங் எப்படியோ அப்படித்தான் ஒரு செடிக்குக் குரோமோசோம். இலை எப்படி இருக்க வேண்டும், பூ என்ன நிறம், தண்டில் சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் அந்த டிராயிங்கில் எழுதியிருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அந்த டிராயிங் கட்டு ஒன்று இருக்கும். வேர் நுனியை வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து அந்தக் கட்டில் எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ண வேண்டும். சொல்லும்போது சுலபம். எண்பது, நூறு என்று ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடக்கும். ஒரு நாளில் ஆயிரம் தகடு பார்த்தாலும் ஒன்று கூட ஒழுங்காக வராமல் போகும். லேத் ஷாப்பில் ஒரு ஜாப்புக்கு மூன்று தடவை மெட்டீரியல் வாங்கின நமக்கு அந்தப் பொறுமை என்னவென்று கொஞ்சமாவது தெரியும்!

கோயமுத்தூருக்கு வந்த கரும்புக் கதை

இந்தியாவுக்குத் திரும்பி, 1932-லிருந்து 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியை. 1934-ல் நம்ம ஊருக்கு வந்தார். கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் விஞ்ஞானியாகச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் கரும்புக் கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் நாம் பொங்கலுக்குக் கடிக்கிற அந்தத் தடித்த, சாறு நிறைந்த கரும்பும் ஒரு தீவுக்காரர்தான்! நியூகினி என்ற மழைக்காட்டுத் தீவில்தான் அந்த இனம் முதன்முதலில் மனிதன் கையில் பயிரானது. கப்பலில் ஏறித் தீவு தீவாக, நாடு நாடாகப் பரவியது. ஆனால் வட இந்தியாவின் குளிரையும் செவ்வழுகல் நோயையும் அது தாங்கவில்லை. வட இந்திய விவசாயிகள் வைத்திருந்த கரும்போ விரல் மாதிரி மெலிந்தது, விளைச்சல் கம்மி. உலகத்துக்கே சர்க்கரையை அறிமுகம் செய்த நாடு, ஜாவாத் தீவிலிருந்து சர்க்கரை வாங்கித் தின்கிற நிலைமைக்கு வந்தது.

இதைச் சரிசெய்ய 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு நிலையம் தொடங்கினார்கள். ஏன் கோயமுத்தூர்? நம்ம ஊர்க் காற்றுக்கும் வெயிலுக்கும் கரும்பு நன்றாகப் பூக்கும், விதை பிடிக்கும். வடக்கே கரும்பு பூப்பதே அபூர்வம். பூக்காத செடியை எப்படிக் கலப்பினம் செய்வது? பார்பர் என்ற ஆங்கிலேயரும் அவரோடு டி.எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து, இனிப்பான தடித்த கரும்பையும், நம்ம வாய்க்கால் ஓரத்தில் தன்பாட்டுக்கு வளர்ந்து கிடக்கிற நாணலையும் கலந்தார்கள். வந்தது கோ-205. அந்த கோ என்ற இரண்டு எழுத்து கோயமுத்தூரைக் குறிக்கும். வட இந்தியாவில் இன்றைக்கும் கரும்பு ரகங்களின் பெயரில் நம்ம ஊர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜானகி அம்மாள் வந்து சேர்ந்தபோது வெங்கட்ராமன்தான் நிலையத்தின் தலைவர். கலப்பினம் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எது எதோடு சேரும், ஏன் சேரும், சேர்ந்தால் குரோமோசோம் என்ன ஆகிறது என்று உள்ளே பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலைக்குத்தான் ஜானகி அம்மாள். தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம். நாணலுக்கோ ஊருக்கு ஊர் வித்தியாசம். 40-லிருந்து 128 வரை. இந்தியாவின் பல இடங்களிலிருந்து வந்த நாணலை எண்ணி எண்ணிப் பார்த்து, நாணல் பிறந்த மண் இந்தியாவே என்ற முடிவுக்கு வர அவருடைய ஆராய்ச்சி உதவியது. கரும்பை மக்காச்சோளத்தோடு கூடக் கலந்து பார்த்தார். அந்தக் கலப்புப் பற்றிய அவர் கட்டுரை 1938-ல் லண்டன் நேச்சர் பத்திரிகையில் வந்தது. சர் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி 1935-லேயே இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

நம்ம ஊரில் அவருக்கு எல்லாம் நல்லபடியாகவே இருந்தது என்று பெருமைக்காகச் சொல்லிவிட முடியாது. கல்யாணம் செய்துகொள்ளாத பெண். அன்றைக்குக் கீழே வைத்துப் பார்க்கப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தவர். கூட வேலை பார்த்த ஆண்கள் அவரைச் சமமாக நடத்தவில்லை என்றே அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை, மரியாதைக்குத்தான் பஞ்சம். நம்ம வகுப்பில் படிக்கிற தோழிகளைப் பார்த்து, பொம்பளைப் புள்ளைக்கு மெக்கானிக்கல் எதுக்கு என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் இல்லீங்களா? அந்தக் கேள்விக்கு வயசு ரொம்ப அதிகம்.

குண்டு மழையில் எண்ணிய குரோமோசோம்

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. ஜானகி அம்மாள் போனார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே ஐரோப்பா கொந்தளித்தது. செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வெடித்துவிட்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை. ராத்திரியில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும். கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்வாராம். காலையில் எழுந்து, உடைந்து கிடக்கிற கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு மைக்ராஸ்கோப்பு முன்னால் உட்கார்ந்துவிடுவாராம்.

அந்த உழைப்பு 1945-ல் புத்தகமாக வந்தது. சி.டி. டார்லிங்டன் என்ற பெரிய விஞ்ஞானியும் இவரும் சேர்ந்து எழுதிய, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். உலகத்தில் மனிதன் வளர்க்கிற செடிகளுக்கெல்லாம் குரோமோசோம் எண்ணிக்கை எத்தனை என்று சொல்கிற புத்தகம் அது. நம்ம இன்ஜினியரிங் டேட்டா புக் மாதிரி, தாவர விஞ்ஞானிகளுக்கு அது ஒரு கைப்புத்தகம்.

அதற்குப் பிறகு விஸ்லி என்ற ஊரில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலை. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த முதல் பெண் விஞ்ஞானி இவர் என்கிறார்கள். அங்கே மக்னோலியாச் செடிகளில் கால்ச்சிசின் என்ற மருந்தைச் சோதித்துப் பார்த்தார். மக்னோலியா என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம செண்பகத்தின் சொந்தக்காரப் பூ. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் இந்த மருந்து குறுக்கே நிற்கும். குரோமோசோம் இரட்டிப்பாகும், ஆனால் செல் பிரியாது. விளைவு, இரண்டு மடங்கு குரோமோசோம் உள்ள செடி; பூவின் இதழும் இலையும் தடிப்பாகும். அவர் அப்படி வளர்த்த மக்னோலியாக்கள் விஸ்லியில் வேர் பிடித்தன. அதில் ஒரு ரகத்துக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர்.

இந்தக் கால்ச்சிசினுக்கும் நம்ம கொங்கு நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தல் போட்டு கண்வலிக் கிழங்கு பயிர் செய்கிறார்களே, அந்தச் செங்காந்தள் விதையில் இருப்பதும் இதே கால்ச்சிசின்தான். அந்த விதை கிலோ கணக்கில் வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. ஆனால் கொடிய விஷம், தெரியாமல் தொட்டு வாயில் வைத்துவிடாதீர்கள்!

எரிந்து கிடந்த மரம்

சுதந்திரம் வந்தது. பிரதமர் நேரு அழைத்தார். 1951-ல் ஜானகி அம்மாள் தாய்நாடு திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கிற பொறுப்பு 1952-ல் அவரிடம் கொடுக்கப்பட்டது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் நம்ம காட்டுச் செடிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்புவதுதான் அந்தத் துறையின் பெரிய வேலை. நம் நாட்டுச் செடிகளை நம் விஞ்ஞானிகளே நம் மண்ணில் வைத்து ஆராய வேண்டும் என்பது ஜானகி அம்மாளின் பிடிவாதம். காட்டில் வாழ்கிற பழங்குடி மக்களுக்குச் செடிகளைப் பற்றித் தெரிந்த அளவு, படித்தவர்களுக்குத் தெரியாது என்பதையும் அவர் வெளிப்படையாகச் சொல்லி வந்தார்.

இந்தக் காலகட்டத்தில்தான் அவர் மனதைக் குத்திய ஒரு சம்பவம் நடந்தது. அஸ்ஸாம் பகுதியில் ஒரு அபூர்வமான மக்னோலியா மரம் இருப்பதாகத் தகவல். அந்தப் பகுதியிலேயே அந்த இனத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தூரம் தேடிப் போனார். போய்ப் பார்த்தால் மரம் எரிந்து கிடந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று நாடு முழுவதும் காட்டையும் மேட்டையும் திருத்தி நிலமாக்கிக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், நண்பர்களே. ஜானகி அம்மாள் விளைச்சலுக்கு எதிரி அல்ல. கோயமுத்தூரில் ஐந்து வருஷம் கரும்பு விளைச்சலைக் கூட்டுவதற்குத்தான் கண் எரிய மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். ஆனால் அந்தக் கரும்பு வேலையே அவருக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தது. வாய்க்கால் ஓரத்துக் களை என்று ஒதுக்கிய நாணல்தான் நாட்டுக்குச் சர்க்கரை கொடுத்தது. அந்த நாணலை எவனோ ஒருவன் முன்னாடியே பூண்டோடு அழித்திருந்தால் கோ-205 எங்கே வந்திருக்கும்? அப்படியானால் காட்டில் இன்னும் நாம் எண்ணியே பார்க்காத ஆயிரம் செடிகளில் எது நாளைக்கு யாருக்குச் சோறு போடும், எது யார் நோயைத் தீர்க்கும் என்று யாருக்குத் தெரியும்? டிராயிங்கைப் பார்க்காமலேயே கொளுத்திவிட்டால் மறுபடி அந்த மிஷினை யார் செய்வது?

1955-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி ஓர் உலகக் கருத்தரங்கு நடந்தது. சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே மக்கள் வாயில் வராத காலம். அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். இந்தியாவின் பழைய வாழ்க்கை முறையும் பயிர்களும் எப்படி ஒன்றை ஒன்று சார்ந்திருக்கின்றன என்பதைப் பற்றிப் பேசினார். அடுத்த வருஷம் அவர் படித்த மிச்சிகன் பல்கலைக்கழகமே கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று பல ஊர் ஆராய்ச்சி நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு, 1970-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆராய்ச்சி நிலையம். சுற்றிலும் மூலிகைச் செடிகள். அங்கேயே குடியிருப்பு, அங்கேயே ஆராய்ச்சி. 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. காந்தியவாதியாக எளிமையாகவே வாழ்ந்த அவருக்கு விருதால் வாழ்க்கை ஒன்றும் மாறிவிடவில்லை.

எண்பது வயதில் ஒரு போர்

இப்போது சைலன்ட் வேலிக்கு வருவோம். இந்தக் காட்டுக்கும் கோயமுத்தூருக்கும் தொடர்பு பழையது. 1847-ல் அந்தப் பள்ளத்தாக்கின் தாவரங்களை முதலில் ஆராய்ந்த ராபர்ட் வைட், கோயமுத்தூரில் பருத்திச் சாகுபடிச் சோதனை நடத்திய அதே ஆள். 1914-ல் அது காப்புக்காடு ஆனது. மனிதர்கள் குடியேறாத காடு. வெளியே நாலா பக்கமும் காடு வெட்டப்பட்டுத் தேயிலையும் ரப்பரும் வந்த பிறகும், மலைச்சுவருக்குள் அது மட்டும் தனியாக நின்றது. அதனால்தான் முதலிலேயே தீவு என்று சொன்னேன்.

குந்திப்புழை மேலிருந்து செங்குத்தாக இறங்குகிற இடம், இன்ஜினியர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் குறுகலான இடைவெளி, மேலே வற்றாத தண்ணீர், கீழே நல்ல உயர வித்தியாசம். சிவில் படிக்கிறவர்களிடமும் எலக்ட்ரிக்கல் படிக்கிறவர்களிடமும் அந்த மேப்பைக் கொடுத்தால் அணை கட்ட இதைவிட நல்ல இடம் உண்டா என்றுதான் கேட்பார்கள். அன்றைய இன்ஜினியர்களும் அதைத்தான் கேட்டார்கள். 1973-ல் திட்டக் கமிஷன் ஒப்புதல் கொடுத்தது. 120 மெகாவாட் மின்சாரம், மலபார் பகுதிக்குப் பாசனம், வேலைவாய்ப்பு. விலை? சுமார் 8.3 சதுர கிலோமீட்டர் மழைக்காடு தண்ணீருக்குள் போகும்.

அணை வேண்டும் என்று கேட்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மலபாரில் கரண்டு இல்லாமல் கிடந்த கிராமங்கள் எத்தனையோ. பவர்கட்டில் மோட்டார் ஓடாமல் பயிர் காய்வதைப் பார்த்த கொங்கு நாட்டு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அந்த வலி தெரியும். அதே சமயம், அந்தக் காட்டில் சிங்கவால் குரங்கு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. பெரும்பாலும் தரைக்கு இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிறது. காடு துண்டாகிவிட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. கரண்டுக்கு வேறு வழி தேட முடியும், இந்தக் காட்டுக்கு வேறு காடு எங்கே தேடுவது என்ற கேள்வி கேரளம் முழுவதும் எழுந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆசிரியர்களும் மாணவர்களும் கவிஞர்களும் களத்தில் இறங்கினார்கள். கவிஞர் சுகதகுமாரி முன்னணியில் நின்றார். பறவை விஞ்ஞானி சாலிம் அலி குரல் கொடுத்தார். கோயமுத்தூர் வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதனும் அந்தக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரை செய்தார்.

அந்த நேரத்தில் ஜானகி அம்மாளுக்கு வயது எண்பது. நம்ம வீட்டு அப்பத்தா அந்த வயசில் திண்ணையை விட்டு இறங்க யோசிப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? காடு ஏரியாகப் போகிறது என்றால், அதற்கு முன்னால் அதில் உள்ள மரங்களின் குரோமோசோமைக் கணக்கெடுத்தே தீருவேன் என்று கிளம்பினார். மேடையில் ஏறிக் கோஷம் போடுவது அவருக்கு வராத வேலை. தனக்குத் தெரிந்த வேலையையே ஆயுதமாக எடுத்துக்கொண்டார். நீங்கள் எதை மூழ்கடிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள் என்று நாட்டுக்குச் சொல்வது போல இருந்தது அது. அவ்வளவு பெரிய விஞ்ஞானி, அந்த வயதில், ஒரு பக்கம் சேர்ந்து நின்றது போராடியவர்களுக்குப் பெரிய பலம்.

பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். எல்லாவற்றையும் பரிசீலித்த பிறகு 1983-ல், இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15-ல் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார்.

அந்த அறிவிப்பைப் பார்க்க ஜானகி அம்மாள் இல்லை. ஒன்பது மாதம் முன்னாடியே, 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி, மதுரவாயலில் தன் ஆராய்ச்சி நிலையத்திலேயே காலமானார். வயது 86. அன்றைக்கு அவர் பெயர் பத்திரிகைகளில் பெரிதாக வரவில்லை. பின்னால்தான் ஒவ்வொன்றாக வந்தது. தாவர வகைப்பாட்டியலுக்கு மத்திய அரசு அவர் பெயரில் தேசிய விருது வைத்தது. ஜம்மு ஆராய்ச்சி நிலையத்துச் செடித் தொகுப்பகத்துக்கு அவர் பெயர். அவர் வேலை பார்த்த ஜான் இன்னஸ் நிலையம் வளரும் நாட்டு மாணவர்களுக்கு அவர் பெயரில் ஸ்காலர்ஷிப் கொடுக்கிறது. கொடைக்கானலில் உருவான ஒரு மஞ்சள் ரோஜாவுக்கும் அவர் பெயரே. அவர் கட்டிய சேலையின் நிறம்!

நமக்கு என்ன சம்பந்தம்?

கேரளாக்காரர் காடு, கேரளாக்காரர் ஆறு, நமக்கென்ன என்று கேட்கலாம். குந்திப்புழை மேற்கே ஓடிப் பாரதப்புழையில் சேருகிறது, உண்மைதான். ஆனால் சைலன்ட் வேலிக்கு வாசல் என்று சொன்னேனே முக்காலி, அந்த முக்காலியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற இன்னொரு ஆறு எது தெரியுமா? பவானி! நீலகிரியில் பிறந்து, கேரளாவுக்குள் போய், அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் நம்ம பக்கம் வருகிற பவானி. பில்லூரில் தேங்கி நம்ம குழாய்க்கு வருவதும், பவானிசாகரில் தேங்கி ஈரோடு மாவட்டத்துக் கீழ்பவானி வயலுக்குப் போவதும் அதே தண்ணீர்தான். நாம் ருசி பார்த்துப் பெருமையடிக்கிற சிறுவாணித் தண்ணீரும் அதே மலைத்தொடரின் காட்டிலிருந்து, பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற அணையிலிருந்து வருகிறது.

கோயமுத்தூர் மழை மறைவுப் பகுதி. ஒரு வருஷத்தில் இங்கே பெய்கிற மழை, அந்தக் காட்டில் ஆடி மாசம் ஒரு மாசத்திலேயே பெய்துவிடும். அந்த மழையை மரத்தின் இலை தாங்கி, கீழே கிடக்கிற சருகு உறிஞ்சி, வேர் பிடித்து வைத்து, சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுகிறது. மழை நின்று மாசக் கணக்கான பிறகும் அருவியில் தண்ணீர் விழுகிறது என்றால் மேலே காடு இருக்கிறது என்று அர்த்தம். சிவில் நண்பர்களே, கான்கிரீட் இல்லாமல், ஷட்டர் இல்லாமல், பராமரிப்புச் செலவு இல்லாமல் ஓடுகிற நீர்த்தேக்கம் அது.

நாளைக்கு நம்மில் ஒருவர் மின்வாரியத்தில் இருப்போம், ஒருவர் பொதுப்பணித்துறையில், ஒருவர் ரோடு கான்டிராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக. டேப் பிடித்து அளக்கிற முதல் ஆள் நாமாகத்தான் இருப்போம். அணையும் ரோடும் வேண்டாம் என்று சொல்கிற வேலை நமக்கு இல்லை. ஆனால் அந்த அளவுக் கோட்டுக்குள் என்ன நிற்கிறது என்று எண்ணிப் பார்த்துக் குறிப்பில் எழுதுகிற நேர்மை நம் கையில் இருக்கிறது. எண்ணாமல் அழிக்காதே என்பதுதான் ஜானகி அம்மாள் தன் வேலையால் சொல்லிவிட்டுப் போன பாடம்.

இந்த வருஷ டூருக்கு எங்கே போகலாம் என்று யூனியன் ரூமில் சண்டை நடக்கும்போது, சைலன்ட் வேலி என்று ஒரு கை தூக்குங்கள். முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. சைரந்திரியில் இறங்கி, காவல் கோபுரத்தில் ஏறி நின்று கீழே பாருங்கள். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. நடுவில் குந்திப்புழையின் வெள்ளைக் கோடு. அணை கட்டியிருந்தால் அந்த இடத்தில் நின்ற தண்ணீர் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு